ஒரு குதிரை நீளம்

தேவனாம்பட்டினம், காலை ஐந்தே முக்கால்.
ஏழு குதிரைகள். என்னுடையது நான்காவது.
என்னுடையது என்பதே பொய்.
மணிக்கு அறுநூறு ரூபாய்.

பெயர் மிளகு.
முன்னால் போகும் கட்டாரியின் வாலில்
சிவப்பு நாடா:
நெருங்கினால் உதைக்கும்.
மனிதருக்கும் ஒன்று கட்டலாமென்றால்
எங்கள் பதிவு அலுவலகத்தில்
பாதிப்பேர் நாடாவோடுதான் வருவோம்.

"முன் குதிரையோட பின்னங்குளம்பு
உங்க குதிரைக் காதுக்கு நடுவுல தெரியணும்."
ஜெபமாலைதாஸ் சொல்கிற கணக்கு
இது ஒன்றுதான்.

போன ஞாயிறு கணக்கை மறந்தேன்.
மறக்கவில்லை,
வேண்டாமென்று விட்டேன்.
ஈரமணல் கெட்டியாய்க் கிடந்தது,
தாழங்குடா வரை ஆளில்லை.
வாரம் ஐந்து நாள்
வில்லங்கச் சான்றுக்கு டோக்கன் எண் கூப்பிட்டு
வரிசை காக்கிறவள் நான்.
குதிகாலை அழுத்தினேன்.

அந்த நாற்பது நொடியை
இப்போதும் யாருக்கும் தரமாட்டேன்.
காற்று காதுக்குள் புகுந்து
என் பெயரைத் துடைத்துவிட்டுப் போனது.

யூஜினும் வேதவல்லியும்
தங்கள் குதிரைகளை இழுத்துப் பிடித்துவிட்டார்கள்.
கடைசியில் ஷம்ஷாத்.
அவளுக்கு அது மூன்றாவது சவாரி.
ஒன்று ஓடினால் மற்றதும் ஓடும் என்பது
குதிரைக்குத் தெரியும்,
எனக்கும் தெரியும்.
அவளுக்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால்
உலரப்போட்ட வலையில்
கால் சிக்கி நிற்கிறது குதிரை.
மணலில் உட்கார்ந்து
ஹெல்மெட்டைக் கழற்றத் தெரியாமல்
கழற்றிக்கொண்டிருக்கிறாள் ஷம்ஷாத்.
வலைக்காரர் கத்தியோடு வந்தார்.
குளம்பைத் தடவிக்கொடுத்து
தன் வலையை அறுத்தார்,
நான்கு முழம்.
பிறகுதான் கேட்டார்:
"யாரு மொதல்ல ஓட்டுனது?"
கையைத் தூக்கினேன்.

இன்று வந்திருக்கிறாள்.
முழங்கையில் பிளாஸ்திரி,
என்னைப் பார்க்காத பார்வை.
அதே இடம், அதே கெட்டிமணல்.
மறுபடி கையைத் தூக்குகிறேன்.
ஜெபமாலைதாஸ் திரும்பி, தலையாட்டி,
பின்பக்கம் மோவாயைக் காட்டுகிறார்.
"ஓடலாமா?"
யூஜினுக்குப் போகிறது கேள்வி,
அவனிடமிருந்து வேதவல்லிக்கு,
அங்கிருந்து ஷம்ஷாத்துக்கு.
அங்கே நிற்கிறது.
ஓர் அலை வந்து போனது.
இன்னொன்றும் வந்து போனது.
மிளகு கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்கிறது.
வேதவல்லி வாய் வழியே,
யூஜின் வாய் வழியே:
"வேண்டாமாம்."

நடந்தோம்,
பெண்ணையாறு கடலைத் தொடும் இடம் வரை.
கோபம் வந்தது, மறைப்பானேன்,
அறுநூறு ரூபாய்க்கு நடை!
இரண்டு காதுகளுக்கு நடுவே
கட்டாரியின் குளம்பு
தெரிந்தது, தெரிந்தது,
தெரிந்துகொண்டே இருந்தது.
ஆற்றுமுகத்தில் நாரைகள் எங்களைப் பார்த்துப் பறக்கவில்லை.
போன வாரம் பறந்தனவா
என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது,
நான் கையே தூக்கவில்லை,
பின்னாலிருந்து ஒரு சொல் கிளம்பி
குதிரை குதிரையாக ஏறி வந்தது:
"மெதுவா ஓடலாமாம்.
வலையைத் தாண்டுனப்புறம்."