முகூர்த்த நாள் அம்மோனியா

கணக்கு இதுதான்:
மூன்றாம் தொட்டியில் அம்மோனியா ஏறினால்
புளோயர் தானாக வேகம் கூட்டும்.
இறங்கினால் குறைக்கும்.
நடுவில் நீ எதற்கு என்று
திரை என்னைக் கேட்காமல் கேட்கும்.

கோயம்புத்தூரிலிருந்து வந்து
நிரல் எழுதிக் கொடுத்த தவமணிக்கு
மன்னார்குடிப் பஞ்சாங்கம் தெரியாது.
வைகாசி வளர்பிறையில்
ஒரே நாளில் பதினோரு மண்டபம்.
ரசம், பாயசம், கைகழுவிய நீர்,
அப்புறம் அத்தனை பேரின் மூத்திரம்,
எல்லாம் மூன்று மணிக்கு
மொத்தமாய் வந்து சேரும்.
தினசரிக் காலண்டரைக் கொண்டுவந்து
திரைக்குப் பக்கத்தில் மாட்டினேன்.
சுபமுகூர்த்தம் என்றிருந்தால்
ஒரு மணிக்கே காற்றைக் கூட்டு என்று
ஒரு வரி சேர்ந்தது நிரலில்.
இதற்கு ஏதோ பெயர் சொன்னார் தவமணி போனில்.
பந்திக்கு முன்னே உலை வைப்பது, என்றேன் நான்.

நேற்றிரவு எண்
பூஜ்யம் புள்ளி எட்டிலேயே நின்றது.
நல்ல எண்தான்.
ஆனால் ஒரு மணி நேரமாய் இமைக்கவில்லை.
புளோயர் மின்சாரத்தை மிச்சம் பிடித்த பெருமையில்
முனகிக்கொண்டிருந்தது.
மூக்கு வேறு சொன்னது.

டார்ச்சோடு போய் சென்சாரைத் தூக்கினால்
தலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் சளி.
இத்தனை நேரமும் குருடனிடம்
வழி கேட்டிருக்கிறது இயந்திரம்.
பழைய பல்துலக்கியால் தேய்த்து
மறுபடி இறக்கினேன்.
மூன்று. ஏழு. பதினொன்று.
அலறிக்கொண்டு எழுந்தது புளோயர்.
பதிவேட்டில் 'எடுத்த நடவடிக்கை' கட்டத்தில்
பல்துலக்கி என்று எழுதினேன்.

மூன்றாம் தொட்டியில் நைட்ரேட்டாய் மாறியதை
முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் பம்பு.
அங்கே காற்றே கிடையாது.
மூச்சு முட்டிய கிருமிகள்
நைட்ரேட்டைப் பிய்த்து ஆக்சிஜனைத் தின்றுவிட்டு
மிச்சத்தைக் குமிழியாய் விடும்.
நைட்ரஜன்.
வந்த இடத்துக்கே, வானத்துக்கு.

வேலிக்கு அந்தப்பக்கம் வைரக்கண்ணு.
சொசைட்டி வாசலில் மூன்று நாள் நின்று
ஒரு மூட்டை யூரியா வாங்கியவர்,
வேண்டாத பொட்டலம் இரண்டையும் தலையில் கட்டிக்கொண்டு.
'மூட்டை மூட்டையா ஆகாசத்துல விடுறியாமே,
இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பேன்.'

பாமணி ஆற்றில் விட்டால்
ஆகாயத்தாமரை தின்று கொழுக்கும்,
அதனால்தான் இத்தனை பாடு என்றேன்.
'நான் ஆத்தையா கேட்டேன்?' என்றார்.

தவமணியிடம் சொன்னேன்.
சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.
மறுவாரம் திரையின் மூலையில்
ஒரு பொத்தான் முளைத்திருந்தது: குறுவை.
அழுத்தினால் பம்பு அடங்கும்,
நைட்ரேட் தண்ணீரோடு தங்கும்,
மதகு வாய்க்கால் பக்கம் திறக்கும்.
அனுமதி வந்தால் பச்சையாகும்.
இப்போதைக்குச் சாம்பல் நிறம்.
கோப்பு போயிருக்கிறது, எங்கேயோ.

மேட்டூர் திறந்து எட்டு நாள்.
தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வரவில்லை.
விடியலில் வைரக்கண்ணு
வேலிக் கம்பியைப் பிடித்தபடி கேட்பார்:
'பச்சையாச்சா?'
ஒருநாள், நாற்றைக் கேட்கிறார் என்று நினைத்து
ஆச்சு என்றுவிட்டேன்.
மண்வெட்டியை எடுக்க ஓடினார்.