கணக்கில் வராத இருபத்தொன்று

சம்மாந்துறை நெல் ஆலையில்
ட்ரிப் சுவிட்ச் நிற்கவில்லை.
ஏற்றினால் விழுகிறது.
"பழுது புள்ள, புதுசு போடு" என்றார்
உதுமாலெப்பை முதலாளி.
ஒரு கிழமையாக அதைத் தாண்டிக் குறுக்கு வயர் கொடுத்து
ஆலையை ஓட்டியிருக்கிறார்கள்.
யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை.
புதுச் செம்பு சொல்லிற்று.

சுவிட்சில் பழுதில்லை.
அதற்குத் தெரிந்தது ஒரே விதி:
சந்திக்குள் வந்ததெல்லாம்
சந்தியை விட்டுப் போக வேண்டும்.
காரைதீவுச் சந்தியைப் பாருங்கள்,
கல்முனையால் வருகிறார்கள், அம்பாறைக்குத் திரும்புகிறார்கள்,
நடுச் சந்தியில் பாய் விரித்துப் படுப்பவர் இல்லை.
போன ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் ஒத்து வராவிட்டால்
சுவிட்ச் கையை விட்டுவிடும்.

அவர்களின் குறுக்கு வயரிலேயே ஓடவிட்டு
இரண்டு வயரையும் சேர்த்துக்
கிளாம்ப் மீற்றரின் வாய்க்குள் வைத்தேன்.
பூச்சியம் வர வேண்டும்.
இருபத்தொரு மில்லி அம்பியர்.

"மில்லிதானே," என்றார் முதலாளி, "சில்லறை."

சில்லறையும் எங்கேயோ போகத்தான் வேண்டும்.
பெரிய மோட்டரைக் கழற்றினேன்: இருபத்தொன்று.
சல்லடையை: இருபத்தொன்று.
நெல் ஊறும் தொட்டியின் பம்பைக் கழற்றியதும்
எண் செத்தது.
ஈரச் சுவருக்குள் தோல் உரிந்த வயர்.
மண்ணுக்கு இறங்க, சுவர் ஒரு வழி.
வேறு வழி?

தொட்டியடியில் வெறுங்காலோடு
ஆதம்பாவா காக்கா நெல்லைக் கிண்டிக்கொண்டு நின்றார்.
"சுவரில கை வைச்சா குறுகுறுக்கும்," என்றார்,
"கால் வரைக்கும். ஒரு கிழமையா.
சீனி வருத்தம் எண்டு நினைச்சன்.
பாவக்காய்ச் சாறு குடிக்கன்."

கொப்பியைத் திறந்தேன்.
நான் வரைந்த சுற்றில் ஆறு தடைகள்.
ஏழாவதை வரைந்தேன்,
சுவருக்குச் சமாந்தரமாக.
இலக்கம் போட வேண்டிய இடத்தில்
ஆதம்பாவா என்று எழுதினேன்.
எத்தனை ஓம் என்று எழுத வரவில்லை.
வியர்த்த நாளில் ஒன்று, காய்ந்த நாளில் வேறு.

வயரை மாற்றினேன்.
குறுக்கு வயரை வெட்டி என் பையில் போட்டேன்.
முதலாளி கேட்டார். கொடுக்கவில்லை.
மீற்றர் பூச்சியம் காட்டிற்று,
சுவிட்ச் நின்றது.

மூன்றாம் நாள் போன்.
"புள்ள, சுவரில இப்ப ஒண்டுமில்ல.
கால் மட்டும் இன்னும் குறுகுறுக்கு."

திரும்பக் கூட்டிப் பார்த்தேன்.
அந்தக் காலுக்குள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்,
ஒருவரைத்தான் நான் வெளியே அனுப்பினேன்.

"கிளினிக் செவ்வாய்க்கிழமை காக்கா," என்றேன்.
"செருப்புப் போட்டுக்கொண்டு போங்க."