வெற்று எடை

மணலி சாலை எடைமேடையில் இரவு ஷிப்ட் எனக்கு.
ஏறும்போது மொத்த எடை,
இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெற்று எடை,
கழித்தால் சரக்கு.
பதினோரு வருஷமாக இந்த ஒரே கணக்கு.

காகித ஆலைக்குப் போகும் லாரி ஒன்று
தார்ப்பாய் கிழிந்து வந்தது அன்றைக்கு.
கப்பலில் வந்த கழிவுத்தாள், பின்லாந்துச் சரக்கு என்றது சீட்டு.
பிரேக் போட்ட குலுக்கலில்
என் காலடியில் விழுந்தது ஒரு நோட்டு.
"வச்சுக்கக்கா, இது குறைஞ்சா முள்ளு நகரப்போவுதா"
என்றான் நாமக்கல் டிரைவர்.

முன்பக்கம் பத்துத் தாளில் பென்சில் கணக்கு.
மீதியெல்லாம் வெள்ளை.
இந்தப் பக்கம் எழுதினால்
அந்தப் பக்கம் ஊறாத தாள்.
அட்டையில் பேர்: ஐனோ.

அக்ஸீலியாவுக்கு ஒன்பதாம் வகுப்பு.
இரண்டு நாடுகள், கல்விக்கு அரசு செய்யும் செலவு, ஒப்பிடுக.
"நம்மளுது ஒண்ணு. இன்னொண்ணு எதும்மா போடட்டும்?"
நோட்டை எடுத்து நீட்டினேன்.

சாம்பார்ச் சட்டி மூடியைக் கவிழ்த்து
இரண்டு வட்டம் போட்டாள்.
இரண்டுக்கும் ஒரே மூடியா என்றேன்.
"நூறுன்னா எங்கயும் நூறுதாம்மா,
வஹிதா டீச்சர் சொன்னாங்க."
நம்ம சென்னை ஜனத்துல பாதிதான்டி அந்த நாடு முழுக்க,
வண்டியோட வெத்து எடை தெரியாம
சரக்கு எவ்வளவுன்னு எப்படிச் சொல்வே?
அவள் பதில் சொல்லவில்லை,
கோணமானியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் துண்டு அகலம். நம் துண்டு ஒடுக்கம்.
வித்தியாசம் என்னவோ சில டிகிரிதான்,
மீன் வெட்டுகிறவள் கை நடுங்கினால்
விழுகிற அளவு.
நூற்றுக்கு ஆறு தருவோம் என்று
இந்த நாடு சொல்லிய வாக்குக்கு
என் அம்மாவின் வயசு.

பிறகு துண்டைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டாள்.
போனில் வகுத்து,
சைபர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணி,
தப்பாக அடித்துவிட்டோமோ என்று
மறுபடி வகுத்தாள்.
அதே விடை.
கொசுவர்த்தி எரிந்து ஒரு சுற்று முடிகிறவரை
இருவரும் பேசவில்லை.

பொய் சொல்லக் கூடாது.
புத்தகம் வருகிறது, பை வருகிறது,
சின்னவனுக்குக் காலையில் கிச்சடி போடுகிறார்கள்.
அவள் வகுப்புச் சுவரில்
எண்ணெய் கலந்த வெள்ளம் நின்ற கறுப்புக் கோடு
என் இடுப்பு உயரத்தில் இன்னும் இருக்கிறது.
அதற்கு மேலே புது ஸ்மார்ட் போர்டு.
ரெண்டும் அரசாங்கச் சுவர்தான்.

"நீ கட்டுற ட்யூஷன் எழுநூறு,
கைடு, ஷேர் ஆட்டோ,
அது எந்த வட்டத்துலம்மா வரும்?"
எதிலும் வராது.
கேள்வி அரசுச் செலவைப் பற்றியது.

கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள்.
மூடிக்கு வெளியே, தாளின் ஓரத்தில்,
ஐந்து ரூபாய்க் காசை வைத்து
ஒரு குட்டி வட்டம் வரைந்தாள்.
துண்டு போடவில்லை. முழுசும் கறுப்படித்து
பக்கத்தில் எழுதினாள்: அம்மா.

திங்கட்கிழமை திரும்பி வந்தது.
சிவப்பு மையில், கேட்டதற்கு மட்டும் விடை எழுதுக,
அரை மார்க் குறைவு.
அதற்குக் கீழே பென்சிலில், பொடி எழுத்தில்,
அழித்துவிடலாம் என்று எழுதினதுபோல:
எனக்கும் இப்படி ஒரு வட்டம் உண்டு,
பிரின்ட்அவுட், சார்ட், ரெண்டு ஃபேன் ரிப்பேர்.

ஷிப்டில் தூக்கம் வராமல் புரட்டினேன்.
முன்பக்கத்தில் ஐனோ
ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று போட்டிருந்தது,
யாரும் திருத்தாமல் கடல் தாண்டி வந்திருக்கிறது.
என் மகள்
நாலை அடித்து
ஆறு ஆக்கியிருந்தாள்.