தொண்ணூறு வோல்ட்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
மிக்ஸி ஜாடிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.
ஆயிரத்து இருநூறு என்றான் துர்கேஷ்.
"பாடுமா?"
"ஷோவுக்குக்கா. மேல பூஜாடி வைக்கலாம்."
எண்ணூற்று ஐம்பதுக்கு முடிந்தது.
பின்பலகையைக் கழற்றினால்
கரப்பான் முட்டைகள், ஒரு ஹேர்பின்,
நான்கு வால்வுகளும் உயிரோடு.

கரண்ட் எட்டாத ஊருக்கென்று செய்த பெட்டி.
ப்ளக்கே கிடையாது.
இழைக்கு ஒன்றரை வோல்ட், தகட்டுக்குத் தொண்ணூறு.
அந்தப் பேட்டரி இப்போது எங்கும் இல்லை;
ஒன்பது வோல்ட் கட்டைகள் பத்தை
ரயில்பெட்டி மாதிரி கோத்தேன்.
ரிச்சி தெருக் கடைக்காரர் கேட்டார்,
"பத்தா? எத்தனை மைக்கும்மா, கல்யாணமா?"

மெழுகு ஒழுகிய காகிதக் கண்டன்சர்களின்
குடலை உருவி
உள்ளே புதுசை ஒளித்து வைத்தேன்.
முள்ளை இழுக்கும் கயிறு இற்றிருந்தது.
காசிமேட்டுத் தூண்டில் நரம்பு,
சக்கரத்தில் மூன்றரைச் சுற்று.
இப்போது ரங்கூனிலிருந்து கொழும்புக்கு
வழுக்காமல் போகிறது முள்.

போகிறது. கேட்கிறதா?
உர்ர்ர்.
ரங்கூனிலும் உர்ர்ர். கொழும்பிலும்.

பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில்
பன்னிரண்டு வீடு.
கையளவு டிரான்சிஸ்டரை நீட்டிப் பிடித்து
படிப்படியாக மோப்பம் பார்த்தேன்.
இரண்டாம் மாடி மீன்தொட்டி: ங்ங்ங்.
ஹாஜிரா வீட்டு வராந்தா பல்பு: கொதிக்கிற எண்ணெய்.
நல்ல பல்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
"என்ன விசேஷம்?"
"சும்மாதான்."
அதைப் பாத்ரூமில் மாட்டிக்கொண்டாள்.
வராந்தாவில் பழசே எரிந்தது.

அப்புறம்தான் உறைத்தது,
ஊர் அணைந்தால்தான் இது பேசும்.
இந்தத் தெருவில்
கரண்ட் போகாதா என்று காத்துக்கிடக்கும்
ஒரே ஜென்மம் நான்.
வயர்மேன் ஏசுபாதத்திடம் ஜாடையாய்ச் சொன்னேன்:
பத்தே நிமிஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஃப்யூஸை...
அவர் மேலும் கீழும் பார்த்து
"வீட்ல எல்லாரும் சௌக்கியமா மேடம்?" என்றார்.

கார்த்திகைப் புயல்.
இரவு ஒன்பது இருபதுக்கு
எங்கேயோ டிரான்ஸ்ஃபார்மர் டமாரென்றது.
வியாசர்பாடி வரைக்கும் இருட்டு.
தெரு முழுக்க "ச்சே".
நான் ஓடினேன்,
முழங்காலை ஸ்டூலில் இடித்துக்கொண்டு.

குமிழைத் திருப்பினேன்.
இந்த வால்வுகள் பளிச்சென்று எரிகிற ஜாதி இல்லை;
மூக்கு படக் குனிந்தால்
ஒரு மயிரிழை, சிவப்போ என்று சந்தேகம்.
உர்ர் இல்லை.
இல்லை என்பது எவ்வளவு பெரிய இடம்!
மின்னலுக்கு மட்டும் ஒரு சொடுக்கு,
அதற்குப் பின்னால், தண்ணீருக்கடியில் போல,
ஒரு பெண் தெலுங்கில் ஏதோ விலை படித்தாள்.
முள்ளை நூலளவு தள்ளினேன்.
யாரோ வயலினுக்குச் சுருதி கூட்டிக்கொண்டேயிருந்தார்,
வாசிக்கவேயில்லை.
இன்னும் தள்ளினால் சிங்களம், ஒரு இருமல்,
இருமலுக்கு மன்னிப்பு என்று நினைக்கிறேன்.

கதவு தட்டியது. ஹாஜிரா, கையில் செத்த செல்போன்.
"உங்க வீட்ல மட்டும் சத்தம் வருதே,
இன்வெர்ட்டரா? சார்ஜ் போட்டுக்கவா?"
பத்துக் கட்டைகளையும் காட்டினேன். தொண்ணூறு வோல்ட்.
"போதாதா?"
"ஜாஸ்தி."
உட்கார்ந்துவிட்டாள்.
அந்தத் தெலுங்குக்கே திரும்பு என்றாள்,
அவள் அம்மா ஊர் நெல்லூராம்.
காதைத் துணியில் ஒட்டி வைத்துக் கேட்டு
"மிளகாய் ஏறிடுச்சு" என்று கவலைப்பட்டாள்.

பத்து ஐம்பத்திரண்டு.
"ஓ!" என்று கூவியது தெரு.
ஃபிரிட்ஜ், மீன்தொட்டி, வராந்தா பல்பு
ஒவ்வொன்றாய் வந்து
தன் தன் இடத்தில் உட்கார்ந்தன.
உர்ர்ர்.
"ஐயோ" என்றது நான் மட்டுமில்லை.

வாசல் வரை போனவள் நின்றாள்.
"அன்னிக்குப் பல்பு கொடுத்தியே,
இதுக்குத்தானா?"

எதிர் வராந்தா அணைந்தது.
எண்ணெய் கொதிப்பது நின்றது.
ங்ங்ங் மட்டும் பாக்கி.
இரண்டாம் மாடிக்காரர் பெயர்
எனக்கு இன்னும் தெரியாது.