பதினோராம் மாடி

மண்டபச் சாவி காவலரின் இழுப்பறையில்.
காவலர் பசியாறப் போயிருக்கிறார்.
போன வாரம் கழுவாமல் விட்ட தூரிகைகள்
மைலோ டின்னில் விறைத்து நிற்கின்றன,
கணக்குக் கேட்க வந்தவை போல.

செந்தூல் அடுக்குமாடி, சனிக்கிழமை, மணி ஒன்பதரை.
கதவில் நான்தான் எழுதி ஒட்டினேன்:
ஓவிய மன்றம். கட்டணம் இல்லை. யாரும் வரலாம்.
யாரும் என்றால் யார் என்று
முதல் வாரமே வந்து கேட்டார் சகாயமேரி.
மகன் கத்துவான், பரவாயில்லையா?
கத்தட்டும் என்றேன்.
கத்தினான்.
மேசைக்கடியில் புகுந்து கத்திக்கொண்டே
அடிப்பலகை முழுக்க மஞ்சள் பூசினான்.
இன்னும் அங்கேயே இருக்கிறது.
குனிந்தால் தெரியும்.
பார்வையிட வரும் அதிகாரிகள் குனிவதில்லை.

குவோக் லெங்குக்குக் கண் தெரியாது.
சிவப்பில் மணலும் நீலத்தில் மாவும் கலந்து
கெட்டிக்காரிபோல நீட்டினேன்.
தடவிப் பார்த்துச் சிரித்தார்:
சிவப்பு சொரசொரப்பென்று உனக்கு யார் சொன்னது?
அதற்கடுத்த வாரம் அவரே கலந்தார்.
என்ன நிறம் என்று கேட்டேன்.
கையை விட்டுப் பார் என்றார்.

ரொஹானியின் கை ஓயாமல் நடுங்கும்.
பென்சில் பிடித்தால் தாள் முழுக்க அலை.
கடல் அழகாக வந்திருக்கிறது என்றேன்,
அன்பாகச் சொல்வதாய் நினைத்துக்கொண்டு.
கோடு, என்றார். நேர்க்கோடு.
அதன் பிறகு நான் யார் படத்துக்கும் பெயர் வைப்பதில்லை.

இலவசத்தை எல்லாராலும் தாங்க முடிவதில்லை.
யாரோ தூரிகை கழுவும் தண்ணீரில்
ஐந்து வெள்ளி நோட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள்,
மாதம் இரண்டு தடவை.
துடைத்து சன்னல் கம்பியில் சொருகி வைத்தால்
மறுவாரமும் அங்கேயே இருக்கும்.
கறுப்பு வாங்கிக்கொள்கிறேன்.
ஏனோ கறுப்புதான் முதலில் தீர்கிறது.

மானியப் பாரத்தில் ஒரு கட்டம்:
பங்கேற்பாளர் அடைந்த முன்னேற்றம்.
கறிப்பாப் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று எழுதினேன்.
மானியம் வரவில்லை.

இன்று லிஃப்ட் பழுது. இரண்டும்.
போன மாதமும் அப்படித்தான், நாலு வாரம்.
வருகைப் பதிவில் இன்பநாதனுக்கு நேராக
நாலு முறை 'இல்லை' என்று போட்டுவிட்டு
அடுத்த பெயருக்குப் போயிருக்கிறேன்.
என் கையெழுத்துதான்.
பதினோராம் மாடி. சக்கர நாற்காலி.
இன்றைக்குத்தான் எண்ணைத் தேடி அழைத்தேன்:
நாலு பேர் சேர்ந்து தூக்கி வந்துவிடுகிறோம்.
நான் என்ன அலமாரியா என்றார்.
மேலே வாங்க.

ஏறினோம்.
நான்காம் மாடிக்குமேல் படிக்கட்டில் விளக்கில்லை.
குவோக் லெங் எண்ணிக்கொண்டே முன்னால்,
அவர் சட்டையைப் பிடித்து ரொஹானி,
ரொஹானியின் பையைப் பிடித்து நான்,
பின்னால் சாய வாளியோடு, கத்திக்கொண்டே, சகாயமேரியின் மகன்.
எதிரொலி அவனுக்குப் பிடித்துவிட்டது.
ஏழாம் மாடியில் தவமலரின் முழங்கால் மறுத்துவிட்டது.
பென்சில்களில் பாதியும் ஒரு கறிப்பாப்பும் கொடுத்து
அங்கேயே உட்காரவைத்தோம்.
அது சரியா என்று இன்னும் தெரியவில்லை.
கீழே காவலர் சாவியோடு வந்து
யாரையும் காணாமல் நின்றிருப்பார்.

நடைபாதையில் காயும் துணிகளுக்குக் கீழே தாளை விரித்தோம்.
எதிர்வீட்டுக் கதவு திறந்தது, முறைத்தது,
கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்காலி வெளியே வந்தது.

இன்பநாதன் தூரிகையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்.
புதிதாக ஏதும் வரையவில்லை.
ஏற்கெனவே வரைந்ததை எடுத்துக் காட்டினார்.
நாலு தாள், நாலு சனிக்கிழமை.
கம்பிவழியே கீழே பார்த்த எங்கள் உச்சந்தலைகள்:
ஒரு வழுக்கை, ஒரு துடோங்,
சகாயமேரியின் கொண்டை, என் வகிடு.
நாலிலும் நான் பூட்டைத் திறந்துகொண்டிருக்கிறேன்.
ஒன்றிலும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வகிடு கோணல், என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
கறுப்பு கேட்டார்.
தீர்ந்திருந்தது.