மூணாறு தலைப்பு

செவ்வாய், திருவாரூர் ஆஸ்பத்திரி, பத்தொன்பதாம் அறை.
வியாழன், நீடாமங்கலத்தில் சர்ச்சுக்குப் பின்னால்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் இடிக்கும்.
வெள்ளி, பிடாரி கோயில்.
டியூட்டியையும் சேர்த்தால்
உங்களுக்குக் குடிக்க நேரமே இல்லையே
என்று இளவஞ்சி சிரித்தாள்.
போன வருஷம் முழுக்க அவள் சிரித்ததாக ஞாபகமில்லை.
எனக்கு ஞாபகமில்லை என்பதும் சரிதான்.

நான் லஸ்கர்.
வெண்ணாறு வந்து முட்டுகிற இடத்தில்
ஷட்டர் ஏற்றுவேன், இறக்குவேன்.
கோரையாற்றுக்கு இத்தனை கனஅடி, பாமணிக்கு இத்தனை,
மிச்சம் தன் பேரிலேயே போகும்.
பகல் பன்னிரண்டுக்குக் கடைத்தெருவில்
இன்னொரு ஷட்டர் ஏறும்.
அந்தச் சத்தம் மட்டும்
மதகு இரைச்சலைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் ஆகாது.
"மாத்திரையும் ஒரு போதைதான் தம்பி"
என்பார் மரியசூசை. பதினோரு வருஷமாகத் தொடாதவர்.
டீக்கு நாலு கரண்டி சர்க்கரை.
பூசாரிக்கு, அம்மா இருக்கும்போது ஊசி எதற்கு.
டாக்டர் ஷாஹிதா ஒன்றும் சொல்லவில்லை,
நாடி பிடிக்கக் கயிற்றைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டார்.

நாற்பத்து நாலாம் நாள், ஞாயிறு,
அம்மாபேட்டையில் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து.
பந்தலுக்குப் பின்னால் ஒரு டம்ளர்.
பிறகு எத்தனை என்று இளவஞ்சிக்குத்தான் தெரியும்.

செவ்வாய் டாக்டர் எழுதினார்:
நாற்பத்தாறு நாளில் நாற்பத்தைந்து. "மோசமில்லையே."
வியாழன் எழுந்து நின்றேன்.
நான் ஒரு குடிநோயாளி. இன்று நாலாவது நாள்.
முதலில் மரியசூசை மட்டும் கைதட்டினார்.
வெள்ளி, பூசாரி கயிற்றை அறுத்து ஆற்றில் வீசினார்.
"சத்தியம் போச்சு." நூற்றியொரு ரூபாய். புதுக் கயிறு.
அம்மாவிடம் கணக்குக் கிடையாது, கோபம் மட்டும்தான்.

எது சரியான எண் என்று
சைக்கிளில் வரும்போது யோசித்துப் பார்த்தேன்.
நாற்பத்தைந்து என்று ஒருத்தி எழுதியிராவிட்டால்
வியாழன் பக்கமே போயிருக்க மாட்டேன்.
நாலு என்று வாய்விட்டுச் சொல்லியிராவிட்டால்
பிடாரி முன்னால் நிற்கக் கால் வந்திராது.
ஒன்றை மூன்றாகப் பிரிப்பதற்கு
என்னிடம் நோட்டு இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது,
மூன்றை ஒன்றாகச் சேர்க்க
எந்த எஞ்சினியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நேற்று ராத்திரி மேலே நல்ல மழை.
இரண்டு மணிக்குப் போன் வந்து ஓடினேன்.
கை நடுங்கியது. குளிரில் என்று நினைத்தேன்.
இல்லை.
மரியசூசைக்குப் போன் போட்டேன்.
தூக்கக் குரலில் முதல் கேள்வி:
"மாத்திரை போட்டியா?"
இல்லை என்றேன்.
"போடு. நான் லைன்லயே இருக்கேன்."

கிரீஸ் கையோடு பையைத் துழாவினேன்.
கயிறு ஜிப்பில் மாட்டிக்கொண்டது.
கீழே தண்ணீர் அவ்வளவு இரைச்சல்,
அவர் அப்புறம் ஏதோ சொன்னார், கேட்கவில்லை,
நான் வைக்கவும் இல்லை.