ஆயிரம் சொற்களுக்கு மிகாமல்

"சிறு வயதிலிருந்தே அறிவியலில் தீராத ஆர்வம்"
என்று தொடங்கினேன். பொய்.
சிறு வயதில் என் தீராத ஆர்வமெல்லாம்
ஐஸ் கச்சாங்கில் எத்தனை சோளம் என்பதில்தான்.
அழித்தேன்.

முகவரிக் கட்டத்தில் பெஸ்தாரி ஜெயா.
பேருந்தில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான்
சீட்டுக் கேட்கிறோம்.
எந்தப் பெயரிலிருந்து கிளம்புகிறேன் என்று
முனைவர் பட்டக் குழுவுக்குத் தெரியவா போகிறது.

எடின்பர்க்கிலிருந்து கிருபாஷினி குரல் அனுப்புகிறாள்:
"அம்மா பால்வெட்டியதை முதல் பத்தியில் போடு.
லயத்து வீடு, ஒழுகும் தகரம், மண்ணெண்ணெய் விளக்கு.
அழுதுவிடுவார்கள்."
எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தது.
அம்மா பால்வெட்டவில்லை.
தபால் நிலையத்துக்கு எதிரே கைப்பேசி உறை விற்கிறாள்.
இந்த அறிக்கையையும் அவளிடம் கொடுத்தால்
விற்றுவிடுவாள்.

செம்பனை ஆலையின் சோதனைக்கூடத்தில் எனக்குப் பகல் ஷிப்ட்.
எண்ணெயின் அமிலத்தை அளப்பேன்.
சொட்டு, சொட்டு, பிறகு அரைச் சொட்டு.
இளஞ்சிவப்பு முப்பது விநாடி நின்றால்
கையை எடுத்துவிட வேண்டும்.
ஒன்று கூடினாலும் குடுவை
கல்யாணப் பந்தல் நிறமாகிவிடும்,
மறுபடி முதலிலிருந்து.
பேரார்வம், அர்ப்பணிப்பு, உலகத்தரம்...
இந்தப் பத்தி எப்போதோ சிவந்துவிட்டது.

மணி இரண்டு. கீழே டோபிக் கடையில்
யாருடைய சீருடையோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

நோக்கம் என்ன என்று கேட்கிறார்கள்.
வெளியேறுவது என்று எழுத முடியாது,
அது உண்மையாக இருந்தாலும்.

பதினான்காம் பிளாக்கில் காளான் விழுந்த வரிசை ஒன்று உண்டு.
அடித்தண்டை உள்ளிருந்தே தின்னும்.
வெளியே பச்சை.
குருத்து விரியாமல் நின்ற பிறகுதான்
நமக்குச் சேதி வரும்.
பத்தொன்பது மரங்களைச் சாய்த்தாயிற்று.
இருபதாவது இன்னும் குலை தள்ளுகிறது.
அதன் வேரிலும் அதே காளான்தான்,
நானே தட்டில் வளர்த்துப் பார்த்தேன்.
மூன்றில் இரண்டு பூசணம் பூத்துக் கெட்டன.
மூன்றாவதில் வெள்ளையாக, விசிறிபோல், அதுவே.
"நசிப்" என்று சிரித்தார் மேலாளர் ரொஸ்லி.
அதிர்ஷ்டமாம்.
அது எனக்குப் பதிலாகப் படவில்லை.

அதை எழுதினேன்.
ஏன் அழுகவில்லை என்று தெரியாது என்று எழுதினேன்.
கெட்டுப்போன இரண்டு தட்டுகளையும் எழுதினேன்.
தோல்வியை யாராவது சொல்வார்களா என்பாள் கிருபாஷினி.
சொல்லட்டும்.

அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
மீதி முந்நூற்று எண்பத்தெட்டும்
அப்படியே கிடக்கட்டும்.

ஆறு மணிக்குக் குலை லோரிகள் வரத் தொடங்கும்.
அடுத்த மாதம் மறுநடவு,
கோலசிலாங்கூரிலிருந்து மண்வாரி இயந்திரம் வருகிறது.
அனுப்பு என்பதை அழுத்துமுன்
இன்னொரு கடிதம் எழுத வேண்டும்,
மலாயில், ரொஸ்லிக்கு, மூன்றே வரி:
பதினான்காம் பிளாக்,
இருபதாவது மரம்,
தயவுசெய்து இப்போது வேண்டாம்.